மேல்மாடிப் பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை: சுவரா, தளமா, ஆண்டெனாவா?

(இணைய மன்றத்து இழை ஒன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

1. மாடிப்படி

தனி வீடு, கீழ்தளமும் முதல் தளமும். 30க்கு 50 அடி. வெளிச்சுவரும் முக்கியமான உள்சுவர்களும் 9 அங்குலச் செங்கல், தடுப்புகள் மட்டும் நாலரை. கான்கிரீட் தளம், மேலே டைல்ஸ். ஃபைபர் பெட்டியிலேயே வைஃபையும் இருக்கிறது. அது முன்ஹாலில் டிவி ஸ்டாண்டில். வீட்டின் நடுவே சமையலறை, அதை ஒட்டிப் படிக்கட்டு, பின்னால் படுக்கையறை. மேலேயும் முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, நடுவில் சின்ன ஹால்.

போனில் எடுத்த அளவு, டிபிஎம்மில் (சிக்னல் பலம்; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது). முதல் எண் 2.4 கிகாஹெர்ட்ஸ் (சேனல் 6), அடுத்தது 5 கிகாஹெர்ட்ஸ் (சேனல் 36):

முன்ஹால், பெட்டியிலிருந்து 3 மீட்டர்: -38 / -45
கீழ்ப் பின்னறை, 11 மீட்டர்: -71 / -86
மேல் முன்னறை, பெட்டிக்கு நேர் மேலே: -62 / -78
படி ஏறி முடியும் இடம்: -60 / -70
மேல் பின்னறை: -83 / பெயரே காட்டவில்லை

கேள்வி இரண்டு. நேர் மேலே உள்ள அறை மூன்று மீட்டர்தான், அங்கே ஏன் இவ்வளவு மோசம்? பெரிய ஆண்டெனா வைத்த ரவுட்டர் வாங்கினால் தீருமா?

2. திண்ணை

தீரும். 9 டிபிஐ (ஆண்டெனா அலையைக் குவிக்கும் அளவு) ஆண்டெனா நாலு வைத்த ரவுட்டர் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஃபைபர் பெட்டியோடு வரும் வைஃபை சும்மா பேருக்குத்தான். அதை அணைத்துவிட்டு நல்ல ரவுட்டராகப் போடுங்கள், வீடு முழுக்க அடிக்கும்.

3. அலைவரிசை

பணம் செலவழிக்கும் முன் உங்கள் அளவையே ஒருமுறை கழித்துப் பாருங்கள், பாதி விடை அதில் இருக்கிறது.

தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டிபி (டெசிபல், சிக்னல் ஏற்ற இறக்கத்தின் அளவு) போகும். 3 மீட்டர் 11 மீட்டரானால் 11 டிபி சொச்சம். ஹாலில் -38 என்றால், சுவரே இல்லாத வீட்டில் பின்னறையில் -49 கிடைத்திருக்கும். கிடைத்தது -71. மீதி 22 டிபி சுவரிலும் வழியில் நிற்கும் சாமானிலும் போயிருக்கிறது. 22 டிபி என்றால் சுமார் நூற்றைம்பதில் ஒரு பங்குதான் மிச்சம். 5 கிகாஹெர்ட்ஸில் -45 இருந்தது -86 ஆகியிருக்கிறது: 41 டிபி. தூரத்துக்கு அதே 11, மீதி 30 தடைக்கு.

இன்னொன்று. 5 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகப்போக வேகமாகத் தேயும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். வெட்டவெளியில் அப்படி இல்லை. சேனல் 6க்கும் 36க்கும் உள்ள வித்தியாசம் ஆறரை டிபி. ஒரு மீட்டரிலும் அவ்வளவுதான், நூறு மீட்டரிலும் அவ்வளவுதான். சூத்திரம் வேண்டுவோருக்கு: 20 லாக் (தூரம், மீட்டரில்) + 20 லாக் (அலைவெண், மெகாஹெர்ட்ஸில்) - 27.55. சேனல் 6 என்பது 2437; ஒரு மீட்டரில் 40 டிபி வரும். தூரத்தோடு இந்த இடைவெளி வளராது. ஒவ்வொரு சுவர் கூடும்போதும் வளரும்.

நேர் மேல் அறைக்கு இரண்டு காரணம். முதலாவது தளம். இரண்டாவது ஆண்டெனா. குச்சி ஆண்டெனா அலையைப் பரப்புவது மெதுவடை வடிவத்தில். குச்சி வடையின் ஓட்டைக்குள் நிற்கிறது. பக்கவாட்டில் நிறைய, குச்சியின் நுனி பார்க்கும் திசையில் மிகக் குறைவு. நிமிர்ந்து நிற்கும் ஆண்டெனாவுக்கு நேர் மேல் அறை அந்த ஓட்டையில்தான் வரும். டிபிஐ கூடினால் வடை தட்டையாகும், அப்பளம் வரைக்கும் போகும். 2 டிபிஐக்கு 9 டிபிஐ போட்டால் முன்ஹாலில் எண் ஏறும், மாடியில் இன்னும் இறங்கலாம். மாடி வீட்டுக்குத் திண்ணை சொல்லும் மருந்து சரிப்படாது.

4. திண்ணை

சரி, டிபிஐ விடுங்கள். ரவுட்டர் அனுப்பும் திறனைக் கூட்டினால்? சில மாடல்களில் 30 டிபிஎம் வரை போகலாம் என்கிறார்களே.

5. எட்டுக்கம்பி

ரவுட்டர் கத்தும், போன் கத்தாதே. போன் அனுப்பும் திறன் சாதாரணமாக 15 டிபிஎம் பக்கம். நீங்கள் ரவுட்டரை 27க்கு ஏற்றினால் போனில் மூன்று கோடு காட்டும். ஆனால் போன் அனுப்பும் ஒப்புகை ("பாக்கெட் கிடைத்தது" என்ற பதில்) ரவுட்டரை எட்டாது. எட்டாததால் ரவுட்டர் அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும். சிக்னல் ஃபுல்லாக இருக்கு, பேஜ் திறக்க மாட்டேங்குது என்ற புகாரில் பாதி இதுதான்.

அலைவரிசை எழுதியதில் ஒரு சேர்க்கை: ஆண்டெனா கெய்ன் இருபக்கமும் உதவும், கேட்கும்போதும் கூடும். திறன் ஒருபக்கம் மட்டும். அதனால் நீளமான ஒரே தளம் (கோடவுன், கல்யாண மண்டபம்) என்றால் பெரிய ஆண்டெனாவுக்கு அர்த்தம் உண்டு. இந்த வீட்டுக்கு இல்லை.

மாடிப்படி, சமையலறைக்கும் பின்னறைக்கும் நடுச்சுவரில் என்னென்ன சாய்ந்து நிற்கிறது?

6. மாடிப்படி

சமையலறைப் பக்கம் ஃப்ரிட்ஜ். படுக்கையறைப் பக்கம் ஸ்டீல் பீரோ. இரண்டும் ஏறக்குறைய எதிரெதிரே.

7. கேபிள்காரன்

அப்போ சுவரைத் திட்டாதீங்க. அந்த பீரோவை முதல்ல பக்கத்துச் சுவருக்கு மாத்துங்க, காசு ஒண்ணும் ஆகாது. இரும்பு அலையை உறிஞ்சாது, திருப்பி அடிச்சிடும். பின்னாடி நிழல் விழும். நிழல் எங்கன்னு பார்க்கணும்னா போனை பீரோ முன்னாடி ஒரு அடியில பிடிச்சு எண்ணைப் பாருங்க, அப்புறம் வாசல் நிலை பக்கம் வந்து பாருங்க. ரெண்டுக்கும் 6, 8 டிபி வித்தியாசம் இருந்தா பீரோதான் ஆளு.

அளவு எடுக்கும்போது போனைக் கையால மூடிப் பிடிக்கக் கூடாது. மேசை மேல வெச்சு, ரெண்டடி தள்ளி நின்னு, அரை நிமிஷம் பார்த்து நடுவாந்தர எண்ணை எழுதுங்க. ஒரு அடி நகர்த்தினாலே 5 டிபி ஆடும், ஒரே இடத்து ஒரே எண்ணை நம்பாதீங்க.

வேலைக்குப் போற இடத்துல நான் கைக்கணக்கா வெச்சிருக்கறது கீழே. முதல் எண் 2.4க்கு, அடுத்தது 5க்கு. கல்லு, ஈரம், பூச்சு கனம் பொறுத்து கூடும் குறையும்.

மரக்கதவு: 3–5 / 4–7
சாதாரண ஜன்னல் கண்ணாடி: 2–3 / 3–4
நாலரை அங்குலச் சுவர், ரெண்டு பக்கமும் பூச்சு: 4–6 / 7–10
9 அங்குலச் சுவர்: 7–10 / 12–18
5, 6 அங்குலக் கான்கிரீட் தளம், மேல டைல்ஸ்: 13–20 / 20–30
வெயிலுக்குன்னு உலோகப் பூச்சு பூசின கண்ணாடி: எதுக்குமே 20க்கு மேல
ஷட்டர், பீரோ, லிஃப்ட்: கணக்கே வேண்டாம், சுத்தி வர்றதுதான் வரும்

லேசான ஏஏசி பிளாக்னா (காத்துக் குமிழ் உள்ள கான்கிரீட் கல்லு) அதே கனச் செங்கலைவிடக் கம்மியா தின்னும். புதுசா கட்டின வீட்டுல கான்கிரீட் காயுற வரைக்கும் எண் மோசமாத்தான் இருக்கும், குடியேறின முதல் மாசத்துல ரவுட்டர் மேல பழி போடாதீங்க.

8. அலைவரிசை

பட்டியல் நியாயமானது. ஒன்று சேர்க்கிறேன்: அலை சுவரைச் சாய்வாகக் கடந்தால் உள்ளே கடக்கும் தூரமும் கூடும், மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் பங்கும் கூடும். வரைபடத்தில் ரவுட்டரையும் அறையையும் நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு சுவரோடு ஒட்டிச் சாய்ந்து போனால் ஒரு சுவரை ஒன்றரையாக எண்ணிக்கொள்ளுங்கள்.

கம்பிதான் தடுக்கிறது என்று தளத்தைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. 2.4இல் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், சேனல் 36இல் 5.8. தளக்கம்பி வழக்கமாக 15 சென்டிமீட்டர் இடைவெளியில் கட்டுவார்கள். அந்தக் கட்டத்துக்குள் இரண்டு அலையும் நுழையும். பெரும் இழப்பு கான்கிரீட்டிலும் அதில் உள்ள ஈரத்திலும். கம்பி நெருக்கமாக வரும் பீம், தூண் பக்கம் மட்டும் விதிவிலக்கு.

இவருடைய அளவில் படிக்கட்டு உச்சியைக் கவனியுங்கள்: -60 / -70. பெட்டிக்கு நேர் மேல் அறையைவிட தூரம் அதிகம், ஆனாலும் 5 கிகாஹெர்ட்ஸில் 8 டிபி நல்லது. சிக்னல் தளத்தைத் துளைத்து வரவில்லை, படிக்கட்டுத் திறப்பு வழியே ஏறி வருகிறது. இந்த வீட்டின் திறவுகோல் அங்கேதான்.

9. புதுவீடு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது அபார்ட்மென்ட், ஆறாவது மாடி. ரவுட்டர் ஹாலில், பால்கனிக்கு இரண்டே மீட்டர். கதவு திறந்திருந்தால் -48, சாத்தினால் -70. கண்ணாடிக் கதவுதான். கண்ணாடிக்கு இவ்வளவா?

10. கேபிள்காரன்

கொசுவலைக் கதவும் சேர்ந்து சாத்துறீங்களா? வலை என்ன மெட்டீரியல்?

11. புதுவீடு

ஆமாம், இரண்டும் சேர்ந்துதான். வலை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எல்லா ஜன்னலுக்கும் அதுதான்.

12. கேபிள்காரன்

அதுதாங்க. ஒரு மில்லிமீட்டர் கண்ணி உள்ள உலோக வலை, சட்டமும் அலுமினியம். வைஃபைக்கு அது கிட்டத்தட்ட தகரம். வலையை மட்டும் திறந்துட்டுக் கண்ணாடியைச் சாத்திப் பாருங்க. எண் ஏறினா வலை, ஏறலைன்னா கண்ணாடியில பூச்சு இருக்கு. ஃபைபர்கிளாஸ் வலைன்னா அலைக்கு ஒண்ணும் ஆகாது. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி கறுப்பா இருக்கும். காந்தமும் காட்டிக் கொடுக்காது, ஸ்டெயின்லெஸ்ல நிறைய வகை காந்தத்துல ஒட்டாது. ஓரத்துல பிசிறு இழை ஒண்ணு எடுத்து மடக்குங்க. மடக்கினபடியே நின்னா உலோகம், நிமிர்ந்தா ஃபைபர்.

இன்னொண்ணு கேட்கணும், வீட்டுக்குள்ள செல்போன் சிக்னலும் மோசமா?

13. புதுவீடு

ரொம்ப மோசம். படுக்கையறையில் பேச்சு அறுந்து அறுந்து போகும். பூஸ்டர் ஒன்று ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன்.

14. எட்டுக்கம்பி

பூஸ்டர் வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் மொபைல் ரிப்பீட்டர் வைப்பதும் விற்பதும் இந்தியாவில் சட்டவிரோதம். அது சும்மா வைத்த சட்டமும் இல்லை. மலிவான பூஸ்டர் தன் சிக்னலையே தான் வாங்கிப் பெருக்கி ஊளையிடத் தொடங்கினால் அந்த டவரில் இருக்கும் அத்தனை பேருக்கும் இரைச்சல்.

டவர் சிக்னல் அடுக்குமாடிக்குள் பெரும்பாலும் ஜன்னல் வழியாகத்தான் வருகிறது, உங்கள் ஜன்னலெல்லாம் உலோக வலை. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் ஓரளவு சுவரைத் தாண்டும். 2300, 3300 தாண்டாது. போன் 5ஜியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் மட்டும் 4ஜிக்கு மாற்றிப் பாருங்கள். அதைவிட நல்லது, போன் அமைப்பில் வைஃபை காலிங்கை இயக்குங்கள். பேச்சு வீட்டு இன்டர்நெட் வழியே போகும். அதற்கு அறையில் -67க்குக் கீழே இறங்காத வைஃபை வேண்டும், ஆகவே கேள்வி திரும்ப இந்த இழைக்கே வந்துவிடுகிறது.

15. மாடிப்படி

பீரோவை நகர்த்திப் பார்த்தாயிற்று. கீழ்ப் பின்னறை 2.4இல் -65 வருகிறது. 5 இன்னும் -80 பக்கம்தான். மேல் பின்னறை அப்படியே. ரிப்பீட்டர் ஒன்று வாங்கி மேல் பின்னறையில் வைத்தால்?

16. எட்டுக்கம்பி

செத்த இடத்தில் ரிப்பீட்டர் வைத்தால் அது எதை எடுத்துப் பெருக்கும்? -83ஐக் கேட்டு அதையே திருப்பிச் சொல்லும். போனில் முழுக் கோடு காட்டும், வேகம் அதேதான். ரிப்பீட்டரோ மெஷ் கருவியோ (ஒன்றோடொன்று பேசி வீடு முழுக்க ஒரே வைஃபை தரும் கருவிகள்) வைக்க வேண்டிய இடம் அதற்கே -60 முதல் -65 கிடைக்கும் இடம். உங்கள் வீட்டில் அது படிக்கட்டு உச்சி, அதுவும் 2.4இல் மட்டும். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் கொடுக்கும் கருவி ஒவ்வொரு பாக்கெட்டையும் காற்றில் இருமுறை அனுப்புகிறது. வேகம் பாதியாகும், அக்கம்பக்கம் நெரிசல் என்றால் இன்னும் கீழே.

17. திண்ணை

ட்ரை பேண்ட் மெஷ் வாங்கினால் இந்தப் பாதிக் கதை இல்லையே. கருவிகள் பேசிக்கொள்ளத் தனி 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. சுவரை உடைக்காமல் முடியும்.

18. எட்டுக்கம்பி

அந்தத் தனி ரேடியோவும் 5 கிகாஹெர்ட்ஸ்தான், அதுவும் அதே தளத்தைக் கடக்க வேண்டும். வாடகை வீடு, கேபிள் இழுக்கவே வழியில்லை என்றால் மெஷ் சரி, மறுக்கவில்லை. சொந்த வீட்டில், நடுவில் படிக்கட்டு வைத்துக்கொண்டு அதற்குச் செலவழிப்பது எனக்கு ஒப்பவில்லை.

மின்கம்பி வழியே இன்டர்நெட் அனுப்பும் அடாப்டர் பற்றி அடுத்து யாராவது கேட்பார்கள். மூன்று ஃபேஸ் இணைப்பில் கீழ்தளம் ஒரு ஃபேஸ், மாடி ஒரு ஃபேஸ் என்று பிரித்திருந்தால் பெரும்பாலும் ஒன்றையொன்று பார்க்காது. இன்வெர்ட்டர் லைன் பிரிந்திருந்தாலும் அதே தொல்லை.

19. அலைவரிசை

என் யோசனை: பெட்டியைப் படிக்கட்டுக்குக் கொண்டுவாருங்கள், அதிலிருந்து ஒரே ஒரு கேபிளைப் படியோடு மேலே ஏற்றி, மேல் ஹால் கூரையில் ஓர் ஆக்சஸ் பாயின்ட் (ஏபி; கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகக் கொடுக்கும் கருவி).

கணக்கு: பெட்டி படிக்கட்டு அடியில் ஆறடி உயரத்தில் இருந்தால் கீழ்ப் பின்னறைக்கு 6 மீட்டர், ஒரே ஒரு 9 அங்குலச் சுவர். உங்கள் 3 மீட்டர் அளவான -45இலிருந்து தூரத்துக்கு 6, சுவருக்கு 15 கழித்தால் 5 கிகாஹெர்ட்ஸில் -66. மேல் ஹாலிலிருந்து மேல் பின்னறைக்கு 5 மீட்டர், ஒரு சுவர்: -64. மேல் முன்னறையும் அப்படியே. தளத்தை எந்த அலையும் துளைக்கத் தேவையில்லை.

20. கேபிள்காரன்

பெட்டியை நகர்த்துறதுதான் எனக்குப் பயம். ஃபைபரை வீட்டுக்காரரே இழுத்துத் திருகினா ஒளி போச்சு. பிரவுசர்ல திறக்கற பெட்டியோட அமைப்புப் பக்கத்துல ஒளி அளவு காட்டும்: -8க்கும் -27க்கும் நடுவுல இருக்கணும். இப்பவே -25ன்னா கூட ஒரு ஜாயின்ட், கூட ஒரு கனெக்டர்னு சேர்த்து விளிம்புக்குப் போயிடும், மழைக்காலத்துல சிவப்பு விளக்குதான். -20 பக்கம்னா தாராளமா நகர்த்தலாம். இணைப்புக் கம்பெனி ஆளைக் கூப்பிட்டே செய்ய வைங்க. ஃபைபரோட பச்சை முனையை விரலால தொடக் கூடாது, பச்சையைப் பச்சையோடதான் சேர்க்கணும், நீலத்தோட இல்ல.

நகர்த்த முடியலைன்னா பெட்டி இருந்த இடத்துல இருக்கட்டும். ரெண்டு லேன் கேபிள் படிக்கட்டுக்கு இழுத்து, கீழ ஒரு ஏபி, மேல ஒரு ஏபி. செலவு கூட ஒரு கருவி, அவ்வளவுதான். என்கிட்ட கேட்டா நான் இதைத்தான் செய்வேன்.

21. மாடிப்படி

ஒளி அளவு -19.6 காட்டுகிறது. நகர்த்தவே சொல்லிவிடுகிறேன். மேலே ஏற்றும் கேபிளுக்குத் தனிக் குழாய் இல்லை. பழைய டிஷ் கேபிள் போன குழாய் ஒன்று படிக்கட்டுச் சுவரில் இருக்கிறது.

22. கேபிள்காரன்

அது போதும். டிஷ் இப்ப உபயோகத்துல இல்லைன்னா அந்தக் கோஆக்ஸ் கேபிளே இழுகயிறு. ஒரு முனையில லேன் கேபிளை ஒரு சாண் நீளத்துக்குப் பக்கம் பக்கமா வெச்சு, கூட ஒரு நைலான் கயிறும் சேர்த்து, டேப் சுத்துங்க. சுத்து கூம்பா இருக்கணும், முண்டு இருந்தா வளைவுல சிக்கும். ஒருத்தர் மேல இருந்து இழுக்க, ஒருத்தர் கீழ இருந்து தள்ளிக் கொடுக்கணும். 10 கிலோ இழுப்புக்கு மேல போகாதீங்க, உள்ளே முறுக்கு கலைஞ்சிடும். நைலான் கயிறை உள்ளேயே விட்டுடுங்க, நாளைக்கு இன்னொரு கேபிளுக்கு ஆகும்.

கரண்ட் வயர் போற குழாய்ல லேன் கேபிளை விடவே விடாதீங்க. இரைச்சல் அப்புறம், முதல்ல உயிர்.

கேபிள் கேட்6 (Cat6) ரகம், முழுச் செம்பு. கடையில "காப்பர்"னு சொல்லிக் குடுக்கறதுல பாதி அலுமினியத்து மேல செம்பு முலாம், சிசிஏம்பாங்க. ஒரு இழையை உரிச்சு பிளேடால சுரண்டுங்க; உள்ளே வெள்ளையா மின்னினா திருப்பிக் குடுத்துடுங்க. தூக்கிப் பார்த்தாலே தெரியும், சிசிஏ பெட்டி லேசா இருக்கும். ஏபிக்குக் கரண்டும் இதே கேபிள்லதான் போகப் போகுது, அலுமினியம் சூடாகும், முனையில உடையும்.

23. எட்டுக்கம்பி

முனை அடிக்கும்போது வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே. முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், வெளி உறை பிளக்குக்குள் நுழைந்து கிளிப்பில் சிக்கியிருக்க வேண்டும்.

அடிக்கடி பார்க்கும் கோளாறு: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அழகாக வரிசையாக அடித்துவிடுவார்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும், ஏனெனில் அது ஒன்றுக்கு ஒன்று தொடர்பை மட்டும்தான் பார்க்கிறது. ஆனால் மூன்றாம் ஆறாம் ஊசி ஒரே முறுக்கு ஜோடியில் வர வேண்டும். இதில் வேறு வேறு ஜோடிக்குப் போய்விடும். பக்கத்து ஜோடியின் சத்தம் உள்ளே ஏறும், இணைப்பு 100க்கு இறங்கும் அல்லது அறுந்து அறுந்து வரும். இணைப்பு வேகம் 100 என்று காட்டினால் முதலில் முனையைத்தான் சந்தேகிக்க வேண்டும்; கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், நான்கு கம்பி இருந்தாலே 100 ஓடிவிடும், அதனால் யாரும் கவனிக்காமல் வருடக்கணக்கில் கிடக்கும்.

கூரை ஏபிக்கு பிஓஇ (லேன் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் முறை). 802.3ஏஎஃப் தரம் என்றால் கொடுக்கும் முனையில் 15.4 வாட், வீட்டு ஏபிக்குப் பொதுவாகப் போதும். மலிவு ஏபிகளில் 24 வோல்ட் பாஸிவ் வகை உண்டு. அதன் இன்ஜெக்டர் (கேபிளில் மின்சாரம் ஏற்றும் பெட்டி) எதிர்க்கருவியைக் கேட்டுக் கொடுக்காது, கேபிளில் எப்போதும் மின்சாரம் விட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தவறிப்போய் லேப்டாப்பில் செருகினால் போர்ட் போகும். பெட்டியோடு வந்த இன்ஜெக்டரையே அந்த ஏபிக்கு மட்டும் வையுங்கள், மேலே ஏபியின் பெயரை எழுதி ஒட்டுங்கள். இன்ஜெக்டரையும் ஃபைபர் பெட்டியையும் கீழே இன்வெர்ட்டர் லைன் பிளக்கில் சேர்த்து வைத்தால் கரண்ட் போனாலும் மாடியில் வைஃபை இருக்கும்.

24. மாடிப்படி

ஏபிக்குப் பதில் வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டரையே மேலே வைக்கலாமா?

25. எட்டுக்கம்பி

5 கிகாஹெர்ட்ஸும் கிகாபிட் போர்ட்டும் இருந்தால் வைக்கலாம். கரண்ட் மட்டும் மேலேயே பிளக்கில் கொடுக்க வேண்டும். ஆக்சஸ் பாயின்ட் மோட் இருந்தால் அதை இயக்குங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால்: முதலில் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (ஃபைபர் பெட்டி 192.168.1.1 என்று வைத்துக்கொண்டு, பெட்டி தானாகக் கொடுக்கும் முகவரி வரம்புக்கு வெளியே இருக்கட்டும்), பிறகு டிஎச்சிபியை (முகவரியைத் தானாகக் கொடுக்கும் வசதி) அணையுங்கள், கேபிளை வான் (WAN, இன்டர்நெட் நுழையும்) போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். வான் போர்ட்டில் செருகினாலும் இன்டர்நெட் வரும், அதனால்தான் பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடும். கீழே உள்ள பிரின்டரும் கேமரா டிவிஆரும் மாடியில் இருந்து தேடினால் தானாகத் தெரியாது.

இரண்டிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு வகை. சேனல் மட்டும் வேறு வேறு. கீழே 36, மேலே 149, இரண்டும் 80 மெகாஹெர்ட்ஸ். 2.4இல் கீழே 1, மேலே 11, இரண்டும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். "3 காலியாக இருக்கிறது" என்று ஆப் காட்டும், போடாதீர்கள். சேனல் 1இல் இருப்பவர்களோடு 1இலேயே இருந்தால் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு முறை வைத்துக்கொள்வீர்கள். 3இல் உட்கார்ந்தால் 1க்கும் 6க்கும் வெறும் இரைச்சல்.

5 கிகாஹெர்ட்ஸில் சேனல் 52 முதல் 144 வரை போட்டால் ரவுட்டர் ரேடார் இருக்கிறதா என்று ஒரு நிமிடமாவது கேட்டுவிட்டுத்தான் தொடங்கும், ரேடார் என்று பட்டால் அங்கிருந்து ஓடிவிடும். திடீரென்று 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் காணாமல் போகும் வீடுகளில் இதைப் பாருங்கள்.

26. அலைவரிசை

அகலத்தைப் பற்றி. 80க்குப் பதில் 20 வைத்தால் உள்ளே வரும் இரைச்சல் 6 டிபி குறையும். வைஃபை 5 தரநிலையில் ஏற்பிக்கு (ரிசீவருக்கு) குறைந்தபட்சம் கேட்பது: 20 மெகாஹெர்ட்ஸில் மிகக் கீழ் வேகத்துக்கு -82, மிக மேல் வேகத்துக்கு -57, 80இல் அதே இரண்டும் -76, -51. நடைமுறைச் சிப்புகள் இதைவிடச் சில டிபி நன்றாகவே கேட்கும், இடைவெளி மட்டும் மாறாது. ஓரத்து அறை -75இல் தத்தளித்தால் 40க்கு இறக்கிப் பாருங்கள். உச்ச வேகம் குறையும், அறுப்பது நிற்கும். 160ஐ வீட்டில் போடுவது விளம்பரத்துக்குத்தான் நல்லது என்பது என் கருத்து.

27. திண்ணை

இதற்கு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே பெரிய கோப்புகளை நாஸுக்கு (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) நகர்த்துபவருக்கு 160 வித்தியாசம் காட்டும்.

28. அலைவரிசை

ஒரே அறை என்றால் சரி. அந்த அறையில் கேபிள் போடுவதும் சுலபம்தானே.

29. மாடிப்படி

ஏபி மேலே வந்துவிட்டது. படி ஏறிப் போனாலும் போன் கீழ் வைஃபையையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அணைத்துப் போட்டால்தான் மேலுக்கு மாறுகிறது.

30. எட்டுக்கம்பி

எப்போது மாறுவது என்று முடிவு செய்வது போன்தான், ஏபி இல்லை. ஐஃபோன் -70ஐத் தாண்டிய பிறகுதான் வேறு ஏபி தேடத் தொடங்கும், இது ஆப்பிளே வெளியிட்டது, மேக் -75. படிக்கட்டுத் திறப்பு வழியே கீழ்ப் பெட்டி மேலே நன்றாகவே கேட்கும், அதனால் போனுக்கு மாறக் காரணமே இல்லை. மருந்து திறனைக் குறைப்பது. இரு கருவியிலும் 2.4ஐ 11 முதல் 14 டிபிஎம்முக்கு இறக்குங்கள், 5ஐ 17 முதல் 20இல் வையுங்கள். எண் கேட்காத மாடலில் 2.4க்கு "குறைவு", 5க்கு "நடுத்தரம்". 2.4ஐ 5ஐவிட 6 டிபி கீழே வைத்தால்தான் போன் 5ஐ விரும்பும். 802.11கே, வி (போன் ஏபி மாற உதவும் வசதிகள்) இருந்தால் இயக்குங்கள். அதே வரிசையில் 802.11ஆர் மட்டும் எச்சரிக்கையாக. பழைய பிரின்டர், ஸ்மார்ட் பல்ப் சில அதைப் பார்த்தால் இணையவே மறுக்கும்.

31. கேபிள்காரன்

பெட்டியில யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தா கழட்டிப் பாருங்க. அந்த இணைப்போட இரைச்சல் 2.4 மேலயே வந்து உட்காரும். பக்கத்துல இருக்கற ஒயர்லெஸ் மவுஸ்கூடத் திக்கும். தேவைன்னா உறை போட்ட கேபிள்ல ஒரு மீட்டர் தள்ளி வைங்க, இல்லைன்னா அமைப்புல யூஎஸ்பி 2ன்னு மாத்துங்க. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45லதான் ஓடுது, ஓடுற நேரம் மட்டும் 2.4 தள்ளாடும், அதுக்காக எதையும் மாத்தத் தேவையில்ல.

32. மாடிப்படி

கடைசியாக ஒன்று. கேட் தூணில் வைஃபை கேமரா, 2.4 மட்டும் எடுக்கும். பெட்டி முன்ஹாலிலிருந்து நகர்ந்ததால் இப்போது -79, படம் நின்று நின்று வருகிறது. கேமராவுக்காக 2.4 திறனைத் திரும்ப ஏற்ற வேண்டுமா?

33. கேபிள்காரன்

ஏத்தாதீங்க, ஏத்தினா மாடிப் பிரச்சினை திரும்பி வரும். கேமரா பேசுறது ஏபியைப் பார்த்து; படம் கேமராவுல இருந்து ஏபிக்குப் போகணும், அது கேமராவோட திறன், ரவுட்டரோடது இல்ல. பெட்டி முன்னாடி இருந்த இடத்துல ஃபைபர் இறங்கின துளையும் குழாயும் இருக்கும்ல, அதுலயே படிக்கட்டுல இருந்து ஒரு லேன் கேபிளைத் திருப்பி விட்டு, அங்க ஒரு சின்ன ஏபி 2.4 மட்டும் போடுங்க, சேனல் 6, திறன் குறைவு. கேமராவுல லேன் போர்ட் இருந்தா இன்னும் நல்லது, வைஃபையே வேண்டாம். வெளியில ஓடுற கேபிளுக்குக் கறுப்பு உறை, வெயில் தாங்குறது வாங்குங்க. வீட்டுக்குள்ள போடுற சாம்பல் கேபிள் வெயில்ல வெடிச்சுத் தண்ணி இறங்கும். சுவருக்குள்ள நுழையற இடத்துல கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு அப்புறம் உள்ளே விடுங்க, மழைத்தண்ணி அந்த வளைவுல சொட்டிடும்.